கரும்பலகையின் வலது மேல்மூலை: திருப்புலிவனம் வட்டாரத்துப் பள்ளி லீடர்கள் குறித்த பன்முக ஆய்வு

1. முன்னுரை

பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்துப் பெரியவர்களிடம் போட்டுக்கொடுப்பது மனித குலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. அதைச் சம்பளமின்றி, பொதுநலம் கருதி, கையில் சாக்பீஸுடன் செய்பவர் பள்ளி வழக்கில் லீடர் எனப்படுவார். வகுப்புக்கு ஒருவர் உண்டு. பள்ளி முழுவதற்கும் மேலே ஒருவர், எஸ்.பி.எல். அவர் வராத நாளுக்காக ஒருவர், ஏ.எஸ்.பி.எல். இம்மூன்று பதவிகளில் இரண்டை இக்கட்டுரையாளர் வகித்திருக்கிறார். வகித்தபோது ஒருவரும் மதிக்கவில்லை. ஆகவே இந்த ஆய்வு.

2. ஆய்வின் நோக்கம்

மேற்படி பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்கள்.

3. ஆய்வின் எல்லை

வடக்கே தலைமையாசிரியர் அறை, தெற்கே சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து குறுக்குவழியான இடம், கிழக்கே சத்துணவுக் கூடம், மேற்கே புளியமரம். இதற்கு அப்பால் லீடரின் ஆட்சி செல்லாது. புளியமரத்தடியிலேயே செல்லாது என்பாரும் உளர்.

4. முன்னாய்வுகள்

இல்லை. ஆராயத் தகுதியில்லாத பொருள் என்பதால்தான் யாரும் ஆராயவில்லை என்று சிலர் நினைக்கலாம். ஆய்வுலகில் இதற்கு 'ஆய்வு இடைவெளி' என்று பெயர்.

5. கருதுகோள்

முடிவு கிடைத்த பிறகு எழுதப்படும்.

6. தரவுகள்

முதன்மைத் தரவு மேசைகள். காம்பஸ் முனையாலும், பிளேடாலும், பொறுமை மிக்கவர்களின் நகத்தாலும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டவை. இரண்டாம் நிலைத் தரவு, ஜாமெட்ரி பாக்ஸ் மூடியின் உட்புறம். மூன்றாம் நிலைத் தரவு கழிப்பறைப் பின்சுவர். இதை மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அணுகவேண்டும். இனி மே. என்றால் மேசை, ஜா. என்றால் ஜாமெட்ரி பாக்ஸ், சு. என்றால் அந்தச் சுவர்.

7. நிலமும் பின்புலமும்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில் திருப்புலிவனம். புலிக்கால் முனிவரான வியாக்ரபாதர் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் வியாக்ரபுரீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது. சுவரெங்கும் சோழர் காலக் கல்வெட்டுகள். கோயிலின் தட்சிணாமூர்த்தி சிறப்புக்குரியவர். வியாழக்கிழமை கூட்டம் வரும். ஆசிரியர் இளைஞர், மாணவர்கள் கிழ முனிவர்கள், பாடம் முழுக்க மௌனம் என்பது தட்சிணாமூர்த்தி வகுப்பின் அமைப்பு. அந்த வகுப்பில் லீடர் என்று ஒருவர் சிற்பத்தில் காட்டப்படவே இல்லை என்பதை இதுவரை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பேசுகிறவன் இல்லாத இடத்தில் பேர் எழுதுகிறவன் எதற்கு? எங்கள் வகுப்பில் நிலைமை நேர் எதிர். ஆசிரியர் ஒருவரைத் தவிர எல்லோரும் பேசினோம் (மே. 4, இடப்புறம்).

8. குடமும் ஓலையும்

திருப்புலிவனத்தில் சைக்கிளை எடுத்தால் சட்டென்று உத்திரமேரூர் வந்துவிடும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. காலம் கி.பி. 919, 921. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டவேண்டும். எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்கவேண்டும். தேர்வான 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். 919-இல் போட்ட விதியை 921-இல் இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். இடையில் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்திருக்கும் என்பது ஒருமுறையாவது லீடராக இருந்தவர்களுக்குத் தெரியும்.

2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் பேச்சில்கூட இடம்பெற்ற கல்வெட்டு இது. குடத்தைக் கண்டால் வாக்குப்பெட்டி, ஓலையைக் கண்டால் வாக்குச்சீட்டு, சிறுவனைக் கண்டால் தேர்தல் ஆணையர் என்று எழுதும் அறிஞர் மரபு ஒன்று நம்மிடையே தழைத்திருக்கிறது. நடந்தது ஓட்டெடுப்பு அல்ல, குலுக்கல். பழைய ஏதென்ஸிலும் பல பதவிகளுக்குக் குலுக்கல்தான்; அதற்கென்று கல்லில் துளைபோட்ட இயந்திரமே வைத்திருந்தார்கள். குலுக்கலில் ஓர் இழிவும் இல்லை. நாலு பேர் கைதூக்கி ஒரு தடியனைத் தேர்வதைவிட அது நேர்மையானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் குடத்துக்குள் யார் பேர் போகலாம் என்பதை இந்த அறிஞர்கள் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் கற்றிருக்கவேண்டும். ஊரோ சதுர்வேதிமங்கலம். எங்கள் வகுப்பை அப்படியே கொண்டுபோய் அந்த மண்டபத்தில் நிறுத்தினால் எங்களில் ஒருவன் பேரும் குடத்துக்குள் விழாது. எட்டாம் வகுப்பிலேயே பல ஆண்டுகளாகக் குடியிருந்த அண்ணன் ஒருவர் வயது விதியை மட்டும் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார்.

தகுதி நீக்க விதிகள் இதைவிட ருசியானவை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவனோடு போகாது: அவன் சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், தகப்பனின் உடன்பிறந்தான், அவனுடைய உடன்பிறந்தான், பெண் கொடுத்த மாமனார், மச்சினன், சகோதரி புருஷன், சகோதரி மக்கள், மருமகன், தகப்பன், மகன் வரை அத்தனை பேரும் வெளியே. எங்களுக்கு முந்தைய ஆண்டு லீடர் ஒரு பெட்டி கலர் சாக்பீஸுக்குக் கணக்குக் காட்டவில்லை (ஜா. மூடி, வாய்ப்பாட்டு அட்டைக்கு அடியில்). கல்வெட்டு விதியை அவன்மேல் பாய்ச்சிப் பார்த்தேன். எங்கள் பக்கத்து ஊர்களில் எவனும் எவனுக்கும் ஏதாவது ஒரு முறை ஆவான். மாமன், மச்சான், பங்காளி, அதுவும் இல்லையென்றால் அண்ணிக்குத் தங்கை வீடு. விதிப்படி சலித்ததில் மொத்த வகுப்பும் சல்லடையில் நின்றுவிட, கீழே விழுந்தது மாற்றலாகி வந்த போஸ்ட்மாஸ்டர் மகன் ஒருவன்தான். அவன் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே திரும்ப மாற்றலாகிப் போய்விட்டான்.

இத்தனை பெரிய மரபுக்குப் பக்கத்து ஊரில் லீடர் தேர்வு நடந்த விதமாவது: வகுப்பாசிரியர் உள்ளே வந்தார். ஒரு சுற்றுப் பார்த்தார். "டேய் நெட்டை, எந்திரி. இனிமே நீதான் லீடரு" என்றார். குடம் இல்லை, ஓலை இல்லை, ஐந்து விரல் இல்லை, ஒரு விரல்தான். இது உயரத்தால் வந்த பதவி என்பது ஒரு கொள்கை. கதவோரம் உட்கார்ந்திருந்ததால் வந்தது, டீ வாங்கிவர வசதி என்பது இன்னொரு கொள்கை. முதல் ரேங்க்கால் வந்தது என்பது என் அம்மாவின் கொள்கை. இதற்கு ஆதாரம் இல்லை.

9. மாணவியர் பக்கத்து லீடர்

அவர் பேர் எழுதியதில்லை. திரும்பிப் பார்ப்பார், போதும்.

10. அயலகத் தொடர்புகள்

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். மூத்த மாணவர். சின்னப் பிள்ளைகளை மணலில் எழுதவைப்பது, வராதவனைத் தேடிப் பிடித்துத் தூக்கிவருவது, வாத்தியார் கண்ணயர்ந்தால் அவர் முகபாவத்தோடு உட்கார்ந்திருப்பது இவர் பணிகள். 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பி, ஜான் ஃப்ரிஸ்கின் என்ற எட்டு வயதுப் பையனை விட்டு மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். வாத்தியார் சம்பளம் மிச்சம். 1797-இல் இதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பேரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. 1832-இல் இறந்த பெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். எந்தச் சட்டாம்பிள்ளைக்கும் எங்கும் கல்லறை இல்லை.

இதில் நம் ஆய்வுக்கு முக்கியமானது, பெல் ஒரு கருப்புப் புத்தகம் வைத்திருந்தார் என்பது. சோம்பேறித்தனம், சேட்டை எல்லாம் அதில் பதிவாகும். வாரம் ஒருமுறை பள்ளி முழுவதையும் கூட்டி, பையன்களிலேயே சிலரை நடுவர்களாக வைத்து விசாரணை. பின்னால் 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு மூத்த மாணவர் கையில் இளைய மாணவரை ஒப்படைக்கும் ஏற்பாட்டைப் பெரிய தத்துவமாக வளர்த்தார். பருத்தியாகக் கப்பலேறி மில்துணியாகத் திரும்பிய கதைதான். சட்டாம்பிள்ளையாகப் போனவர் ஊக்கு குத்திய பேட்ஜோடு எஸ்.பி.எல்லாக வந்து இறங்கினார்.

லீடரை வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்தான் என்று ஒரு தரப்பும், நாம்தான் வெள்ளைக்காரனுக்குக் கொடுத்தோம் என்று ஒரு தரப்பும் இருக்கின்றன. பன்னாட்டுக் கருத்தரங்குகளில் இரு தரப்புக்கும் வேறு வேறு அறைகளில், ஒரே நேரத்தில் அமர்வு ஒதுக்கப்படுகிறது. ஆளுக்குப் பத்து நிமிடம். எட்டாவது நிமிடத்தில் துண்டுச்சீட்டு வரும். மாலையில் இரு தரப்புக்கும் ஒரே சான்றிதழ். பன்னாடு எங்கே என்று கேட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது என்பார்கள்.

11. எஸ்.பி.எல்லின் கடமைகள்

காலைக் கூட்டத்தில் "ஸ்கூல், அட்டேன்ஷன்" என்று கத்துவது. குரல் உடையும் வயதில் இப்பதவியைக் கொடுப்பது ஏன் என்பது மேலாய்வுக்குரியது. முதல் பாதி தகப்பன் குரலிலும் பின்பாதி தங்கை குரலிலும் வெளிவந்த ஆணைகளுக்குப் பள்ளி எப்படிப் பணிந்தது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பு. (பணியவில்லை: மே. 7, வலது ஓரம், அம்பு துளைத்த இதயத்துக்குக் கீழ் அடுக்கில். இதயம் காலத்தால் பிந்தியது.) பிற கடமைகள்: ஏரி வாரியம் போலப் பானையில் தண்ணீர் நிரப்புவது, தோட்ட வாரியம் போல வேப்பங்கன்றுக்கு ஊற்றுவது, கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது. அதே கல்வெட்டில் வரும் பொன் வாரியத்துக்கு நிகராக எதுவும் கிடைக்கவில்லை.

12. பேசியோர் பட்டியல்: கல்வெட்டியல் நோக்கு

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மேற்கோள் காட்ட விரும்புவோர் மற்றவற்றைப் படிக்கவேண்டியதில்லை. வழக்கமாகப் படிப்பதும் இல்லை.

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியேறும்போது "பேசறவன் பேரை எழுதி வை" என்பார். அந்தக் கணத்தில் லீடரின் ஆட்சியாண்டு தொடங்குகிறது. கரும்பலகையின் வலது மேல்மூலையில் 'பேசியோர்' என்று தலைப்பு. கீழே அடிக்கோடு. அடிக்கோடு இரட்டையாக இருந்தால் லீடர் புதியவர் என்று காலம் கணிக்கலாம்.

வெறும் பேர் மட்டும் இருந்தால், பேசினார். பேருக்குப் பக்கத்தில் ஓர் இன்ட்டு இருந்தால், எழுதிய பின்னும் பேசினார். இரண்டு இன்ட்டு இருந்தால், "ஏன்டா என் பேரை எழுதின" என்று கேட்டார். இதற்கு மேலே போகும்போதுதான் தமிழ் மாணவனின் சுருக்கெழுத்து மேதைமை வெளிப்படுகிறது. மி.அ. என்றால் மிக அதிகம். மி.மி.அ. என்றால் மிக மிக அதிகம். மூன்று மி. வந்த பட்டியல்களும் உண்டு. நான்காவது மி. கோட்பாட்டளவில் சாத்தியம் என்றாலும், அது எழுதி முடியும் முன் ஆசிரியர் திரும்பிவிடுவார் என்பதால் இதுவரை களத்தில் பதிவாகவில்லை. மிகுதியைக் குறிக்க ஏற்கெனவே இன்ட்டு இருக்கையில் மி. எதற்கு? இன்ட்டு எண்ணிக்கையைக் குறிக்கும், மி. சத்தத்தைக் குறிக்கும் என்பது என் முடிவு. ஒரே இன்ட்டும் மூன்று மி.யும் பெற்றவன் ஒரே ஒருமுறை பேசி ஓட்டைப் பெயர்த்தவன் (மே. 2, நடுவில், ஆழச் செதுக்கல்; மே. 9, அதே கையெழுத்து, 'நான் இல்லை' என்ற வாசகம்).

மாதிரிக்கு ஒரு பட்டியலின் மீட்டெடுத்த வாசகம்:

வரி 1: பேசியோர்
வரி 2: […]வேல் ×
வரி 3: […]சாமி × × மி.அ.
வரி 4: (துடைக்கப்பட்டுள்ளது)
வரி 5: […]வேல், மறுபடியும்
வரி 6: கடைசி பெஞ்ச் முழுக்க

நான்காம் வரியின் சிதைவு இயற்கையானதன்று. டஸ்டரால் துடைத்தால் வெள்ளைத் தீற்று நிற்கும். இங்கே தீற்று இல்லை. எச்சில் தொட்ட ஆள்காட்டி விரலின் சுவடு இருக்கிறது. இத்தகைய அழிப்புகளுக்குப் பின்னால் விரிவான பொருளாதாரம் ஒன்று இயங்கியது. வெறும் பேருக்குக் கொடுக்காப்புளி. இன்ட்டு போட்ட பேருக்குக் கமர்கட். மி.அ.வுக்குத் தேன்மிட்டாய். மி.மி.அ.வை அழிக்க அரை நெல்லிக்காயும் உப்பு மிளகாய்த்தூளும் தாளில் மடித்து வரும். கூடவே அறிவியல் பாட நோட்டை ஒருநாள் இரவல் தரவேண்டும். இக்கட்டுரையாளர் ஆட்சியில் இது நடந்ததா என்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே, புளியமரத்துக்கு அப்பால் இருக்கிறது. (எதிர்க்கருத்து: சு., கரித்துண்டு எழுத்து, மூன்றாம் வரி. அதை மறுத்து அதே சுவரில் செங்கல் துண்டால் எழுதிய மறுப்பு. மறுப்புக்கு மறுப்பு, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டதால் மாலை நாலரை மணிச் சாய்வெயிலில் மட்டும் தெரிவது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்கி, 'போடா' என்ற ஒரே சொல்லில் பின்வந்தவர் எழுதிய உரை. உரையாசிரியரின் சுருக்கம் போற்றத்தக்கது.)

கல்வெட்டை மைப்படி எடுப்பவர்கள் நனைத்த தாளைக் கல்மேல் வைத்துத் தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். மைசூரில் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர உயர்நீதிமன்றம் வரை போனார்கள். எங்கள் பட்டியலுக்கும் ஒரு மைப்படி இருந்தது. வெள்ளைச் சட்டையோடு கரும்பலகையில் சாய்ந்து நின்ற ஒருவன் முதுகில் முழுப் பட்டியலும், நான்காம் வரி உட்பட, இடவலம் மாறிப் பதிந்தது. கண்ணாடியில் காட்டினால் படிக்கலாம். அன்று சாயங்காலமே அவன் அம்மா கிணற்றடியில் 501 பார் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டார். இதற்கு யாரும் நீதிமன்றம் போகவில்லை.

பேர்களின் வரிசையிலும் சிக்கல் இருக்கிறது. முதலில் பேசியவன் பேர் முதலில் இருக்கவேண்டும் என்பது இயல்பான பொருள்கோள். நச்சினார்க்கினியர் வழியில் வந்தவர்களோ இரண்டாம் வரியின் பேரை ஐந்தாம் வரியின் 'மறுபடியும்' என்பதோடு கூட்டி, மூன்றாம் வரியின் மி.அ.வைப் பிரித்தெடுத்து ஆறாம் வரிக்கு ஏற்றி, கடைசி பெஞ்ச் முழுக்க மிக அதிகமாகப் பேசியது என்று கொண்டுகூட்டிப் பொருள் கொள்வார்கள். இலக்கணப்படி இதற்குத் தடையில்லை. உண்மையும் அதுதான்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்தது. நியாயமான சட்டம், எங்களுக்கு முன்பே வந்திருக்கலாம். ஆனால் அதோடு பட்டியலின் பொருளாதாரம் குலைந்தது. அடி இல்லை என்றால் அழிப்புக்கு விலை இல்லை. நெல்லிக்காய் இன்று அவரவர் வாய்க்கே போகிறது.

13. முதல் வரிச் சிக்கல்

இறுதியாக, அறிஞர்களிடையே பகை மூட்டிய ஒரு பட்டியல். லீடர் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பிவந்தபோது 'பேசியோர்' தலைப்புக்கும் முதல் பேருக்கும் இடையே இருந்த கொஞ்ச இடத்தில் லீடரின் பேரே நுணுக்கி எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆறு இன்ட்டு. மூன்று மி. இது இடைச்செருகல் என்பதற்கு என்னிடம் சான்றுகள் பல: சாக்பீஸின் நிறம் வேறு, லகரம் ளகரமாகியிருக்கிறது, எழுதியவர் உயரம் குறைந்தவர் என்பதால் எழுத்துகள் கீழ்நோக்கிச் சரிந்திருக்கின்றன, அனைத்துக்கும் மேலாக, பட்டியலை எழுதுகிறவன் தன் பேரைத் தானே எழுத அகச்சான்று ஏதும் இல்லை. இவற்றை வரிசையாக எடுத்துரைக்க எழுந்து நின்றேன்.

கணக்கு சார் மூலபாட ஆய்வில் நாட்டமுள்ளவர் அல்லர். பிரம்பை எடுத்துக்கொண்டு, மேலிருந்து படித்தார்.